மாகுலா வீக்கத்துக்குக் கண்ணுக்குள்ள ஊசி: போட்டே ஆகணுமா?

செல்வி, தண்டையார்பேட்டை:
அப்பாவுக்கு வயசு 58, சுகர் 11 வருஷமா இருக்கு. கண்ணாடி பவர் மாத்தப் போனப்போ சொட்டு மருந்து விட்டுப் பார்த்துட்டு ஓசிடி (விழித்திரையோட ஸ்கேன்) எடுத்தாங்க. வலது கண்ணுல மாகுலா (விழித்திரையோட நடுப்பகுதி) வீக்கம், தடிமன் 412 மைக்ரான், பார்வை 6/12. இடது கண் 6/6, அதாவது இயல்பான பார்வை. மாசம் ஒரு ஊசியாம். "நல்லாத்தானே தெரியுது"னு அப்பா மறுக்கிறார். சொட்டு மருந்துலயே சரியாகாதா?

குமரன், ராயபுரம்:
ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு மத்ததோட குறையை மறைச்சிடும். படிக்கிற கண்ணாடியைப் போட்டு, இடது கண்ணை உள்ளங்கையால மூடச் சொல்லுங்க. கட்டம் போட்ட கணக்கு நோட்டுல நடுவுல ஒரு புள்ளி வச்சு, ஒரு அடி தூரத்துல பிடிங்க. புள்ளியையே பார்க்கணும். சுத்தி கோடு வளைஞ்சாலோ நடுவுல மங்கினாலோ அவருக்கே புரிஞ்சிடும். நேரா தெரிஞ்சாலும் வீக்கம் இல்லைனு ஆகாது, ஓசிடி சொல்றதுதான் கணக்கு.

சுகரால விழித்திரையோட நுண்ணிய ரத்தக்குழாய்கள் பலவீனமாகி நீர் கசியுது. விஇஜிஎஃப்ங்கிற புரதம் அந்தக் கசிவை அதிகமாக்கும். ஊசி மருந்து அதைத்தான் அடக்குது. சொட்டு விட்டா அந்த மருந்து விழித்திரை வரைக்கும் போய்ச் சேராது. 6/6 இருக்கிற கண்ணுன்னா கண்காணிச்சுட்டே காத்திருக்கலாம். 6/12க்கு இறங்கின கண்ணைத் தள்ளிப்போடாதீங்க.

செல்வி:
வலிக்குமா? விலையும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

ஷமீம், வியாசர்பாடி:
மரத்துப்போகச் சொட்டு விட்டு, பெட்டாடின்ல கழுவி, கருவிழி ஓரத்துலருந்து 3.5 - 4 மி.மீ. தள்ளி வெள்ளைவிழியில குத்துவாங்க. உள்ளே போறது பெரும்பாலும் வெறும் 0.05 மி.லி., சில நொடி வேலை. ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான்.

மருந்து பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட்னு இருக்கு. 6/12 பார்வைக்கு மூணும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான், பெவாசிசுமாப் ரொம்ப மலிவு. 6/15 அல்லது அதுக்கும் கீழ இருந்தா அஃப்ளிபர்செப்ட் முதல் வருஷத்துல கூடுதலா உதவும். சமீபத்துல மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தா ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும்.

பலரும் சறுக்குறது ரெண்டாவது ஊசிக்கு அப்புறம்தான். பார்வை தெளிஞ்சதும் நிறுத்திடுவாங்க, வீக்கம் திரும்ப வந்துடும். முதல் வருஷம் எட்டு, ஒன்பது ஊசி வரைக்கும் ஆகலாம்னு இப்பவே அப்பாகிட்ட சொல்லிடுங்க.

குமரன், ராயபுரம்:
ஊசி போட்ட இடத்துல சிவப்புத் திட்டு வந்தா பயம் இல்ல, தானா மறையும். ஆனா ஒரு வாரத்துக்குள்ள வலி கூடி, பார்வை மங்கி, வெளிச்சம் பார்க்கவே கூசினா அது கிருமித்தொற்றா இருக்கலாம். காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போங்க.

செலவு கஷ்டம்னா எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கு. தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறினா அடுத்த ஸ்டேஷன். பரிசோதனைக்குக் கண்மணியை விரிக்கிற சொட்டு விட்டா சில மணி நேரம் மங்கலா இருக்கும், பைக் எடுக்க விடாதீங்க, கூட ஒருத்தர் போங்க. ஓசிடி படம், ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி), பிபி, கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்) ரிப்போர்ட் எல்லாம் கையில இருக்கட்டும். பிபியும் கிட்னியும் சரியில்லன்னா வீக்கம் வடியறது கஷ்டம்.