பழைய சாக்கெட் செட்: எண்ணை நம்பலாமா, பூச்சை நம்பலாமா?

நட்டுபோல்ட்:
தகரப் பெட்டியோடு, நட்டு கழற்றும் பழைய சாக்கெட் செட் ஒன்று என்னிடம் இருக்கிறது. சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடியான 1/2 இஞ்ச் டிரைவ் (சதுர முனை) ராட்செட், நீளம் கூட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன், உள்வாயில் 12 முனை உள்ள (12 பாயின்ட்) சாக்கெட் பத்து. எட்டு சாக்கெட் மங்கின சாம்பல் நிறம், அங்கங்கே துரு. மற்ற இரண்டும் பளிச்சென்ற குரோம். ராட்செட்டில் இருக்கும் அமெரிக்கக் காப்புரிமை எண் 20 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. 20 லட்சமாவது காப்புரிமை கொடுத்தது 1935 ஏப்ரலில். ஆக, இது 1935-ம் வருஷத்து ஒரிஜினல் முழு செட். சாம்பல் சாக்கெட்டுகளை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, காலையில் வயர் வீலில் தேய்க்கலாம் என்றிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

ஆறுபட்டை:
வருஷத்துக்கும் ஆட்சேபம், வினிகருக்கும் ஆட்சேபம். முதலில் வினிகர். அந்தச் சாம்பல் பூச்சு கேட்மியம் என்ற நச்சு உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1930, 40-களில் சாக்கெட்டுகளுக்குச் சாதாரணமாகக் கொடுத்த பூச்சுதான் அது. வினிகர் அதைக் கரைத்துவிடும். பூச்சும் போச்சு, மிச்சமிருக்கும் தண்ணீரும் விஷம். வயர் வீல் அதைவிட மோசம்: கேட்மியம் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும்.

நட்டுபோல்ட்:
தேய்ந்த நிக்கலாகவும் இருக்கலாமே?

ஆறுபட்டை:
விளிம்பைப் பாருங்கள். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் தெரியும். விளிம்பில் செதிலாக உரியும். கேட்மியம் உரியாது, தேய்ந்து மெலிந்து அடி இரும்பைக் காட்டும். சிக்கல் துத்தநாகத்தோடுதான், கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். சந்தேகம் வந்தால் கேட்மியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டு, எண்ணெய் தொட்ட துணியால் ஈரமாகத் துடையுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் பழைய கிரீஸ் கழன்றுவிடும், பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. சூடுகாட்டும் வேலையே வேண்டாம்.

துருவேட்டை:
சேகரிப்பவர்கள் இப்படியே பயந்து பயந்து துருவை வளர்க்கிறார்கள். பூச்சு போன இடத்தில் துரு குழிபறித்தால் எழுத்தே அழிந்துவிடும், அப்புறம் எதை வைத்து அடையாளம் காண்பது? தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுக்கும் மின்பகுப்புதான் வழி. 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. சாக்கெட் மைனஸில், சாதா இரும்புத் தகடு பிளஸ்ஸில், 12 வோல்ட். பிளஸ்ஸில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள். கருப்பாக வரும் படிவை நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

ஆறுபட்டை:
அதே ஹைட்ரஜன் கடினப்படுத்திய எஃகுக்குள்ளும் புகும். மெல்லிய சுவர் சாக்கெட் அப்புறம் முறுக்கும்போது சொல்லாமல் வெடிக்கும். தொழிற்சாலைகளில் அந்த ஹைட்ரஜனை வெளியேற்றவே 190 டிகிரி செல்சியஸ் அளவில் மணிக்கணக்காகச் சுடுவார்கள். கேட்மியம் பூசியதை வீட்டு அடுப்பில் அப்படிச் சுடச் சொல்வீர்களா?

துருவேட்டை:
அலமாரியில் உட்காரப் போகும் சாக்கெட்டை யார் முறுக்கப் போகிறார்கள்? பூச்சே இல்லாத, துரு ஏறிய சாக்கெட்டுக்குத்தான் சொல்கிறேன். பூச்சு மிச்சமிருந்தால் நானும் தொட்டியில் போட மாட்டேன். ராட்செட்டின் தலையையும் பிரிக்காமல் முக்காதீர்கள். உள்ளே தண்ணீர் தேங்கி, சாக்கெட்டைப் பிடித்து வைக்கும் சின்ன எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும்.

அளவுகோல்:
வருஷக் கணக்குக்கு வருவோம். காப்புரிமை எண் சொல்வது "இதற்கு முன்னால் இல்லை" என்பதை மட்டும்தான். அப்போது காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 வருஷம் செல்லும். அத்தனை காலமும் அதே எண்ணைப் பதிக்கலாம். உங்கள் ராட்செட் 1950-லும் வந்திருக்கலாம். எண்ணுக்கு முன்னால் வடிவமைப்புக் காப்புரிமைக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த எண் வரிசையே வேறு. தயாரிப்பாளரின் வருஷக் குறி கிடைத்தால் அதுதான் நல்ல சான்று. ஸ்னாப்-ஆன் என்ற அமெரிக்கக் கருவி நிறுவனம் வருஷத்துக்கு ஒரு குறி போடும். ஆனால் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் குறி பத்து, இருபது வருஷம் கழித்துத் திரும்பவும் வரும், எழுத்தின் வடிவத்தை லென்ஸில் பார்த்தால்தான் பிரிக்கலாம். கிராஃப்ட்ஸ்மேன் பிராண்ட் என்றால் பெயருக்குப் பக்கத்தில் V இருக்கிறதா பாருங்கள். அது மூர் டிராப் ஃபோர்ஜிங் என்ற தொழிற்சாலை செய்தது. சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் விற்றது மட்டும்தான்.

நட்டுபோல்ட்:
அப்படியானால் குரோம் இரண்டும் பிறகு சேர்த்தவையா? போர்க்காலத்தில் குரோம் கிடைக்காமல் கலந்து கொடுத்திருக்கலாம் அல்லவா?

அளவுகோல்:
1942 முதல் குரோமையும் நிக்கலையும் ராணுவத்துக்கு ஒதுக்கினார்கள், உண்மைதான். ஆனால் நிறத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள். எழுத்தின் உயரம், சாக்கெட்டைச் சுற்றி ஓடும் நெளிவரிப் பட்டையின் அகலம், சதுரத் துளையின் உள்ளே ராட்செட்டின் குண்டு உட்காரும் பள்ளம், இந்த மூன்றையும் சாம்பல் எட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு குரோம் சாக்கெட்டில் 7/16 W என்று இருப்பதாகப் படத்தில் தெரிகிறது. உள்வாயை வெர்னியரில் அளந்தீர்களா?

நட்டுபோல்ட்:
21 மில்லிமீட்டர் சொச்சம். 7/16 என்றால் 11 மில்லிமீட்டர்தானே? அளவு தப்பாக அடித்ததென்று விட்டுவிட்டேன்.

அளவுகோல்:
தப்பில்லை. W என்றால் விட்வொர்த், பழைய பிரிட்டிஷ் திருகு அளவு முறை. எண் போல்ட்டின் விட்டத்தைச் சொல்கிறது, நட்டின் அகலத்தை அல்ல. 7/16 விட்வொர்த் நட்டின் அகலம் 0.820 இஞ்ச், 20.8 மில்லிமீட்டர், சாக்கெட்டில் கொஞ்சம் தளர்வு இருக்கும். அதே சாக்கெட் 1/2 BS (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட்) என்ற பெயரிலும் வரும். அது பிரிட்டிஷ் அளவு, உங்கள் அமெரிக்க செட்டில் பிறந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டியில் அதற்கென்று குழி இருக்கிறதா?

துருவேட்டை:
குழி இல்லாவிட்டால் என்ன? சரியான காலத்து சாக்கெட்டைத் தேடிப் போட்டால் அது செட்தான்.

ஆறுபட்டை:
போடுங்கள், "சேர்த்தது" என்று சீட்டு எழுதிப் போடுங்கள். விற்கும்போது அந்தச் சீட்டும் பெட்டியோடு போகட்டும்.

துருவேட்டை:
சீட்டு எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அதற்காக எட்டு சாக்கெட்டோடு பல்லிளிக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு அதுதான் ஒரிஜினல் என்று சொல்லாதீர்கள்.