அரசாங்கமே இல்லாத எடத்துல அதிகாரம் எங்கேர்ந்து வருது?

மக்களே, ஒரு உதவி வேணும். பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல அதிகாரத்த எப்படிப் பாத்தாங்கன்னு தேடித்தேடிப் படிச்சிட்டிருக்கேன். ஹைன்லைனோட 1959 நாவல் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'ல அரசுக்கு சேவை பண்ணி முடிச்சவங்களுக்குத்தான் ஓட்டு, அதே மனுஷன் 1966ல நிலாவுல இருக்கறவங்க பூமியோட ஆட்சிய எதிர்த்துக் கெளம்பற கதைய எழுதிருக்காரு, இதுவே மண்டைய குடையுது. ஆனா என்னைத் தூங்க விடாம பண்ணது லெ குவின் 1974ல எழுதுன 'தி டிஸ்பொசெஸ்ட்' தான். அந்தக் கதைல வர்ற அனாரெஸ்ங்கற உலகத்துல அரசாங்கம் கிடையாது, ஜெயில் கிடையாது, ஆனாலும் கதாநாயகனான இயற்பியல் விஞ்ஞானி ஷெவெக்கோட ஆராய்ச்சி வெளிய வரணும்னா அவரோட சீனியர் சாபுல் பேரையும் சேத்துப் போட்டாகணும்! சட்டமே இல்லாத எடத்துல ஒருத்தர் கைல இவ்ளோ பிடி எப்படி வந்துச்சு? இப்படி பழக்கமாவே உள்ள நுழையற அதிகாரத்தப் பத்திப் பேசற வேற பழைய நாவலோ கட்டுரையோ தெரிஞ்சா சொல்லுங்களேன், தமிழ்ல இருந்தா ரொம்ப சந்தோஷம்.