ராக் டம்ளருக்குத் தமிழ்ச்சொல்: புரள்கலம், குழித்தேய்வு

அன்பர்களுக்கு வணக்கம்.

கற்களைப் பீப்பாயிலிட்டு நாள்கணக்கில் சுழற்றி மெருகேற்றும் ‘ராக் டம்ளர்’ என்ற கருவிக்குத் தமிழ்ச்சொல் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கற்சுழலி, கல்லுருட்டி, கற்புரட்டி ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. டம்ளர் என்றே எழுதிவிடலாம் என்பதை ஏற்க இயலவில்லை. டவராவோடு வரும் டம்ளர் அந்த இடத்தை எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டது. கற்புரட்டியைத் தவறாகப் பிரித்துப் படிப்பவர் கற்பில் போய் நிற்பார். உருட்டு என்பதற்கோ இன்றைய இளைஞர்கள் வேறு பொருள் கொடுத்துவிட்டார்கள்.

இவை வேடிக்கையான தடைகள். உண்மையான தடை வினையில் இருக்கிறது. சுழல்வது பீப்பாய்தான், கற்கள் அல்ல. பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கல்லும், கற்களின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை நீரும், அவற்றோடு கல்லைத் தேய்க்கும் சாணைப்பொடியும் இட்டு மெதுவாகச் சுழற்றினால், கற்குவியல் சுவரோடு ஒரு பக்கமாக மேலேறி, பிறகு அதன் மேலடுக்கு மட்டும் சரிந்து புரண்டு இறங்கும். தேய்மானம் பெரும்பாலும் அந்தச் சரிவில்தான் நிகழ்கிறது. கல்லின் அளவு குறைந்துபோனால் கற்கள் சரிவதற்குப் பதிலாக விழுந்து மோதிக்கொள்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை கடினமுள்ள அகேட் என்ற குவார்ட்ஸ் வகைக் கல் அந்த அடியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் கேள்வியை எழுப்பிய நண்பர் மெருகேற்ற விரும்புவது, அலங்காரப் பொருள் கடைகளில் ‘ஓனிக்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் வரிகளுள்ள கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். இதை வரிக்கால்சைட் என்றே எழுதலாம் என்பது என் கருத்து. ஏனெனில் உண்மையான ஓனிக்ஸ் அகேட்டைப் போலக் குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்தது, மெக்சிகோவின் புவேப்லாவிலும் பாகிஸ்தானின் பலூசிஸ்தானிலும் வெட்டியெடுக்கப்படும் இந்த ‘ஓனிக்ஸ்’ ஊற்றுநீரும் குகைநீரும் அடுக்கடுக்காகப் படியவிட்ட கால்சைட். அதன் கடினம் 3 மட்டுமே. மூன்று திசைகளில் எளிதாகப் பிளக்கும் இயல்பும் உண்டு. பெயரை நம்பி இரண்டையும் ஒரே பீப்பாயில் போட்டவருக்கு மெல்லிய கல் சேறாகிப் போக, கடினக்கல் மட்டும் கைக்குக் கிடைக்கும்.

கல் புரள வேண்டும், விழக் கூடாது என்பதே இத்தொழிலின் அடிப்படை என்பதால், புரள் என்ற வினையை அடியாகக் கொண்டு ‘புரள்கலம்’ என்று அமைக்கலாம். ஊறுகாய், சுடுகாடு போல இது வினைத்தொகை. கற்கள் புரள்கின்ற கலம். செயலுக்குப் ‘புரள்மெருகு’ எனலாம். குஜராத்தின் கம்பாத் நகரில் அகேட் மணிகளை நீரோடும் எமெரி என்ற சாணைப்பொடியோடும் தோல்பையில் கட்டி, இருவர் எதிரெதிரே அமர்ந்து நாள்கணக்கில் மாறி மாறி உருட்டி மெருகேற்றிய மரபு உண்டு. அங்கே பீப்பாயும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஆயினும் நிகழ்ந்தது புரள்மெருகுதான்.

> சாணைப்பொடிக்குக் கடைக்காரர்கள் சொல்லும் கார்போரண்டம் என்பதையே வைத்துக்கொள்ளலாமே?

கார்போரண்டத்தின் பின்பாதி நம்முடையதுதான். குருந்தம் என்ற தமிழ்ச்சொல் ஐரோப்பாவுக்குப் போய்க் கொரண்டம் ஆயிற்று; 1891இல் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கான் கார்பைடை உருவாக்கியபோது, அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று கருதி அப்பெயரை இட்டார். அதில் கொரண்டம் இல்லவே இல்லை. அதனால் தொடக்கக் கட்டங்களின் பொடியைச் சிலிக்கான் கார்பைடு என்றே விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் மெருகுக்காக இடும் அலுமினியம் ஆக்சைடுக்குக் ‘குருந்தப்பொடி’ என்று பெயரிடுவதே முறை. கொரண்டம் என்ற கனிமமே அலுமினியம் ஆக்சைடு என்பதால் அது வேதியியல்படியும் சரி. பொடியின் நுண்மையைக் குறிக்கும் மெஷ் எண்ணைச் ‘சல்லடை எண்’ எனலாம். எண் கூடக் கூடப் பொடி நுண்மையாகும். அகேட்டுக்குச் சல்லடை எண் 60/90 கொண்ட பருமணலில் தொடங்கிக் கட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஓட்டுவார்கள். வரிக்கால்சைட்டுக்கு அந்தப் பருமணல் வேண்டியதில்லை. 220இல் தொடங்கி, நாள்தோறும் திறந்து பார்த்து, போதுமென்றவுடன் நிறுத்திவிட வேண்டும். கற்கள் மோதாதிருக்க இடையில் இடும் பிளாஸ்டிக் மணிகளைத் ‘தாங்குமணி’ எனலாம்.

என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது ‘அண்டர்கட்டிங்’. வரிகளுள்ள கல்லில் எல்லா வரிகளும் ஒரே அளவு கடினமாகவோ ஒரே அளவு நெருக்கமாகவோ இருப்பதில்லை. மெல்லிய வரி விரைவில் தேய்ந்து பள்ளமாகவும், அடுத்த வரி மேடாகவும் நிற்கும். பள்ளத்தின் அடிக்கு மெருகுப்பொடி சரியாக எட்டாததால் அங்கே பளபளப்பு வராது. ‘அடிவெட்டு’ என்று யாரேனும் எழுதினால், கல்லின் அடிப்பாகத்தை வெட்டுவதாகவே படிப்பவர் எண்ணுவார். ‘வரிக்குழிவு’ அழகாக இருந்தாலும், வரியில்லாமல் புள்ளிகளாக மெல்லிய கனிமம் கலந்த கற்களுக்குப் பொருந்தாது. ஆகவே ‘குழித்தேய்வு’ என்று முன்மொழிகிறேன். ‘இக்கல் குழித்தேய்வுக்கு உள்ளாகும், முதற்கட்டத்தைக் குறுக்குக’ என்று கையேட்டில் எழுதினால் தடையின்றிப் புரிகிறது.

> அதிர்வில் இயங்கும் வகையும் உண்டு. அதையும் புரள்கலம் என்பதா?

வேண்டாம். அதில் கற்கள் சரிந்து புரள்வதில்லை. நடுங்கி ஒன்றையொன்று உரசுகின்றன. உருவம் அவ்வளவாக மாறாது என்பதாலேயே மென்கல் வேலைக்கு அதைப் பலர் விரும்புகிறார்கள். அதற்கு ‘அதிர்கலம்’ என்பது, மேற்சொன்ன வினைத்தொகை முறையிலேயே இயல்பாக அமைகிறது. மறுப்பில்லையெனில் இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே விக்சனரியில் பதிவிடலாம். குழித்தேய்வை மட்டும், கல் பட்டை தீட்டுவோர் பட்டறைகளில் இதற்கென்று சொல் ஏதும் புழங்குகிறதா என்று விசாரித்த பின் சேர்ப்போம்.