பொருள்: கீ சிக்னேச்சர் – ‘சுருதிக்குறி’ சரிதானா?

(மாட்டுங்காவிலிருந்து)
அன்புள்ள நண்பர்களுக்கு,
கீபோர்டு தேர்வு எழுதும் மும்பைப் பிள்ளைகளுக்கான தமிழ்க் குறிப்பில் கீ சிக்னேச்சருக்குச் ‘சுருதிக்குறி’ என்று போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் கிளெஃபை (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் அடையாளம்) ஒட்டி நிற்கும் ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றுவது), ஃப்ளாட் (அரைச்சுரம் இறக்குவது) அடுக்குதான். எத்தனை கட்டை என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாமே? (சட்ஜம் சி என்றால் ஒரு கட்டை, ஜி என்றால் ஐந்து.)

(செம்பூரிலிருந்து)
> எத்தனை கட்டை என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாமே

முடியாது. எஃப் ஷார்ப் ஒன்று மட்டும் நின்றால் ஜி மேஜராக இருக்கலாம், ஈ மைனராகவும் இருக்கலாம். அதாவது, ஐந்து கட்டைச் சங்கராபரணத்துக்கும் மூன்று கட்டை நடபைரவிக்கும் ஒரே குறி. ஆக, சுருதியும் தெரியாது, மேளமும் (தாய் ராகம்) தெரியாது. ‘மேளக்குறி’ என்று யாராவது கிளம்புமுன் அதையும் சொல்லிவைக்கிறேன்.

(முலுண்டிலிருந்து)
பெயர் இருக்கட்டும். இங்கே பாதிப் பிள்ளைகள் இந்துஸ்தானி வகுப்புக்கும் போகிறவர்கள். ஃப்ளாட்டைக் கோமள் (இறங்கிய சுரம்) என்றும் ஷார்ப்பைத் தீவ்ர (ஏறிய சுரம்) என்றும் எழுதினால் சட்டென்று பிடிபடுமே?

(செம்பூரிலிருந்து)
பிடிபடும், தப்பாக. கோமள், தீவ்ர எல்லாம் சட்ஜத்தை வைத்துச் சொல்வது. ஃப்ளாட், ஷார்ப் எழுத்தை வைத்துச் சொல்வது. எஃப் மேஜரில் வரும் பி ஃப்ளாட், எஃப்பைச் சட்ஜமாக வைத்தால் சுத்த மத்யமம். அதில் கோமள் எங்கே? ஜி மேஜரின் எஃப் ஷார்ப் நமக்குக் காகலி நிஷாதம். தீவ்ர என்பதோ மத்யமத்துக்கு மட்டும்.

பிள்ளைகள் வழுக்குவதும் இங்கேதான். எஃப் மேஜரில் ஃப்ளாட்டை மறந்து வெள்ளைக் கட்டையை அழுத்தினால் கல்யாணி. ஜி மேஜரில் ஷார்ப்பை மறந்தால் ஹரிகாம்போதி. அபஸ்வரமாகக் கேட்காது, வேறு ராகமாகக் கேட்கும். அதனால்தான் தப்பு பிடிபடுவதில்லை.

ஷார்ப், ஃப்ளாட் இரண்டும் அப்படியே இருக்கட்டும். (‘கூர்’ என்றால் பென்சில் சீவத்தான் தோன்றும்.) கீ சிக்னேச்சருக்கு ‘நிலைக்குறி’, நடுவில் வந்துபோகும் ஆக்சிடென்டலுக்கு ‘இடைக்குறி’ என்பது என் யோசனை. ட்ரெபிள் கிளெஃபில் மேல்கோட்டில் போட்ட எஃப் ஷார்ப் நிலைக்குறி, கீழ் இடைவெளியில் வரும் எஃப்பையும் உயர்த்தும். எல்லா ஸ்தாயிக்கும் செல்லும். இடைக்குறியின் ஆட்சி அந்த பாருக்குள் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில்), அந்த ஸ்தாயியில் மட்டும்.

(மாட்டுங்காவிலிருந்து)
நிலைக்குறி என்றால் பாட்டு நடுவே மாறுகிறதே?

(செம்பூரிலிருந்து)
மாற்றி எழுதும்வரை நிற்கும், அவ்வளவுதான். தாளக்குறி (டைம் சிக்னேச்சர்) முதல் வரியோடு சரி. இது வரிக்கு வரி திரும்ப வரும். ‘நிலை’ என்றதற்கு அதுவும் காரணம்.

குறிப்பில் இதையும் சேருங்கள்: ஷார்ப் வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. ஃப்ளாட்டுக்கு அப்படியே தலைகீழ். மேஜர் என்றால், கடைசி ஷார்ப்புக்கு அரைச்சுரம் மேலே சட்ஜம். ஃப்ளாட்டில் கடைசிக்கு முந்தியது. ஒற்றை ஃப்ளாட்டுக்கு முந்தியது இல்லை, எஃப் என்று மனப்பாடம் செய்யவேண்டியதுதான்.

(முலுண்டிலிருந்து)
ஐந்தரைக் கட்டைச் சங்கராபரணத்தை ஜி ஷார்ப் என்றா எழுதுவது?

(செம்பூரிலிருந்து)
ஏ ஃப்ளாட் என்று எழுதுங்கள், நான்கு ஃப்ளாட்டோடு முடியும். ஜி ஷார்ப் என்று தொடங்கினால் எஃப்புக்கு இரட்டை ஷார்ப் போட நேரும்.