கன்வெர்ஜென்ஸுக்குக் ‘குவிவு’ பொருந்துமா?

அன்புடையீர்,

வணக்கம். பழைய கதிர்க்குழாய்த் (சி.ஆர்.டி.) தொலைக்காட்சிகளின் படத்தரத்தைச் சீராக்குவது பற்றிய கட்டுரைக்காக, மூன்று நிறக் கதிர்களும் ஓரிடத்தில் சேர்வதைக் குறிக்கும் கன்வெர்ஜென்ஸ் என்பதற்குக் ‘குவிவு’ என்னும் சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. அகராதிப் பொருளில் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதே கட்டுரையில் ஃபோகஸும் வரும். குவிலென்சு, குவியத் தொலைவு என்று பள்ளியிலேயே படித்துவிட்ட வாசகர் ‘குவி’ என்ற வேரைக் கண்டதும் ஃபோகஸைத்தான் நினைப்பார். நினைத்து, திருப்பக்கூடாத திருகைத் திருப்புவார்.

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். ஒவ்வொரு எலக்ட்ரான் கதிரும் திரையில் சிறு புள்ளியாக விழுகிறதா என்பது ஃபோகஸ். அது கெட்டால் எழுத்துகள் நிறம் பிரியாமல் மங்கும், குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் மின்மாற்றியின் மேலுள்ள திருகே அதற்குத் தீர்வு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கான மூன்று கதிர்களும் திரைக்குப் பின்னுள்ள துளைத்தகட்டில் ஒரே இடத்தில் சந்திக்கின்றனவா என்பது கன்வெர்ஜென்ஸ். அது கெட்டால், நிறங்கள் விலகி அச்சான சுவரொட்டியைப் போல, வெள்ளைக் கோட்டின் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலமும் துருத்தி நிற்கும். மூன்றாவதாக ப்யூரிட்டி இருக்கிறது: ஒவ்வொரு கதிரும் தன் நிறத்துக்குரிய பாஸ்பரில் (திரையின் உட்புறமுள்ள ஒளிரும் பூச்சில்) மட்டும் விழ வேண்டும். அருகில் வைத்த ஒலிபெருக்கியின் காந்தம்கூட இதைக் கெடுத்து, முழுச் சிவப்பாக இருக்க வேண்டிய திரையில் வேற்று நிறத் திட்டுகளை உண்டாக்கிவிடும்.

சரிசெய்யும் முறையைப் பார்த்தால் சொல்லின் தேவை இன்னும் தெளிவாகும். பெட்டியை அரைமணி நேரம் ஓடவிட்டு, காந்தநீக்கம் செய்து, முதலில் ப்யூரிட்டியைச் சரிபார்க்க வேண்டும்; ஏனெனில் அதற்காக யோக் எனப்படும் விலக்கச் சுருளை நகர்த்தினால், அதற்கு முன் செய்த கன்வெர்ஜென்ஸ் வேலை வீணாகிவிடும். பிறகு கருந்திரையில் வெள்ளைக் கட்டக்கோடுகளை வரவழைக்க வேண்டும். கதிர்களை வீசும் மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகளும் ஒரே வரிசையில் அமைந்த குழாய்களில் பச்சை நடுவில் இருப்பதால் அதுவே நிலையான அடையாளம். குழாயின் கழுத்திலுள்ள நான்குமுனைக் காந்த வளையங்கள் சிவப்பையும் நீலத்தையும் எதிரெதிர்த் திசைகளில் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக்குகின்றன. ஆறுமுனை வளையங்கள் அவ்விரண்டையும் சேர்த்தே நகர்த்திப் பச்சையின்மீது கொண்டுவந்து வைக்கின்றன. இவையெல்லாம் திரையின் நடுப்பகுதிக்கு. விளிம்புகளுக்கோ யோக்கின் சாய்வை மாற்றி ரப்பர் ஆப்புகளால் நிறுத்த வேண்டும். (மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்னும் எச்சரிக்கை, கலைச்சொல் எதுவானாலும், கட்டுரையின் முதல் பத்தியிலேயே இடம்பெற வேண்டும்.)

‘இணைவு’ என்று இன்னொரு பரிந்துரையும் வந்தது. பழுதுபார்க்கும் நூலில் “இணைவு சரியில்லை” என்று எழுதினால் படிப்பவர் கம்பியைத்தான் சோதிப்பார். எனவே ‘ஒன்று’ என்னும் வினையிலிருந்து ‘கதிரொன்றல்’ என்பதை முன்வைக்கிறேன். இதன் வசதி, வாக்கியத்தில் எளிதாக வளைவது: “கதிர்கள் ஒன்றவில்லை”, “நடுவில் ஒன்றின, விளிம்பில் ஒன்றவில்லை” என்று எழுதலாம், கோளாறுக்குத் தனிச்சொல் தேடாமல் ‘ஒன்றாமை’ என்றே சொல்லிவிடலாம். ‘நடுவொன்றல்’, ‘விளிம்பொன்றல்’ என்னும் பிரிவுகளும் அதிலிருந்தே கிடைக்கின்றன.

ஃபோகஸுக்குக் ‘குவிப்பு’ போதும். அதைக் ‘கூர்மை’ என்று சிலர் எழுதியதை ஏற்க இயலவில்லை. கூர்மை என்பது தொலையியக்கியில் உள்ள ஷார்ப்னஸ். அது கதிரைத் தொடுவதேயில்லை, படக்குறிகையின் விளிம்புகளை மிகைப்படுத்துகிறது. பெரும்பாலான பெட்டிகளில் அதைக் குறைத்தாலே படம் இயல்பாகிவிடும். ப்யூரிட்டிக்கு ‘நிறத்தூய்மை’ என்பதில் மறுப்பில்லை.

ஒரு சிக்கலை மட்டும் உங்கள் கருத்துக்கு விடுகிறேன். மூன்று தனித்தனிக் குழாய்கள் கொண்ட வீழ்த்துத் தொலைக்காட்சிகளிலும் (புரொஜெக்‌ஷன் டிவி) கன்வெர்ஜென்ஸ் உண்டு. ஆனால் அங்கே திரையில் ஒன்றுசேர்பவை எலக்ட்ரான் கதிர்கள் அல்ல, மூன்று ஒற்றைநிறப் படங்கள். அதற்கும் சேர்த்து ‘நிறவொன்றல்’ என்று பொதுவாக வைக்கலாமா, அல்லது அங்கே மட்டும் ‘படவொன்றல்’ எனப் பிரித்துக்கொள்ளலாமா?

அன்புடன்.