பிரெஞ்சு பாடகி எதித் பியாஃப் வாழ்க்கைப் படம் பாத்தவங்க இருக்கீங்களா? ஒரு டவுட்டு

முத்தியால்பேட்டை முரளி:
2007ல வந்த லா மோம், நேத்து சப்டைட்டிலோட பாத்தேன். எங்க தாத்தா சொல்தா (பிரெஞ்சு பட்டாளத்து) பென்ஷன்காரரு, வீட்ல இந்தம்மா பாட்டுதான் ஓடும், அந்த ஆசையில உக்காந்தேன். ஆனா சின்ன வயசு, உடனே சாகக் கெடக்குறது, திரும்ப தெருவுல பாடுறதுன்னு மாத்தி மாத்தி போகுது, பாதியில தல சுத்திடுச்சு. ஏன் இப்டி எடுத்திருக்கான்? பாட்டி நடத்துன விபச்சார விடுதில வளந்ததுலாம் நெசமா, மசாலாவா? ஹீரோயின் சொந்தக் குரல்லயா பாடுது?

ஓ.டி. கார்த்தி:
குரல் அதோடது இல்ல பாஸ். முக்காவாசி பியாஃபோட பழைய ரெக்கார்டிங், மிச்சம் வேற பாடகி. வாயசைப்புதான், ஆனா மூச்சு இழுக்குற எடம்கூட தப்பல, மரியான் கொத்தியாருக்கு ஆஸ்கர் சும்மா குடுக்கல. விடுதி நெசம், நார்மண்டில பெர்னேங்கற ஊரு. கண்ணு தெரியாம போயி வேண்டுதல்ல பார்வை வந்தது மட்டும் அந்தம்மாவே சொன்ன கத, எவ்ளோ சேத்து சொன்னாங்கன்னு இன்னும் சண்ட ஓடுது.

குருசுக்குப்பம்காரி:
முரளி தம்பி, சாகப்போற மனுஷிக்கு ஞாபகம் வரிசையாவா வரும்? ரெண்டு வயசுல மூளைக்காய்ச்சல்ல செத்த மக மர்செல் விஷயத்த கடைசி வரைக்கும் ஒளிச்சு வச்சிருக்கான் பாருங்க, வரிசையா சொல்லியிருந்தா 1935லயே வந்து போயிருக்கும், மனசுல நின்னிருக்காது. அப்றம் அவங்க காதலன் பாக்ஸர் செர்தான் சீன்! வந்துட்டான்னு காபி எடுத்துட்டு ஓடுது, அவனுக்கு வாங்குன வாட்ச்ச தேடுது, சுத்தி நிக்கறவங்க மூஞ்சியே சரியில்ல, 1949 பிளேன் விபத்துல அவன் ஏற்கனவே போயாச்சு. நான் அழுதுட்டேன்பா. ஆனா ஒரு கோவம், ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரன் பாரீஸ புடிச்சு வச்சிருந்த வருஷங்கள அப்டியே தாண்டிட்டான். அப்பவும் பாடிக்கிட்டுதான் இருந்தாங்க, போர் முடிஞ்சதும் ஜெர்மன்காரனுக்கு ஒத்துழைச்சாங்களான்னு விசாரணையும் நடந்து, குத்தமில்லன்னு விட்டுட்டாங்க. அத தொடாம என்ன வாழ்க்கை வரலாறு?

ஓ.டி. கார்த்தி:
அது சரிக்கா. கடைசில வர்ற 'நோன், ஜ ந ரெக்ரெத் ரியான்' பாட்டு கூட 1960ல லெஜியோனுக்கு, அதான் பிரெஞ்சு ராணுவத்துல வெளிநாட்டுக்காரங்கள சேக்குற படைக்கு, சமர்ப்பணம் பண்ணது. முரளி, தாத்தா லெஜியோனா?

முத்தியால்பேட்டை முரளி:
இல்ல பாஸ், கொலோனியல் பட்டாளம், பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்தோசீனா (வியட்நாம் பக்கம்) போனவரு. அக்கா, மக மேட்டர நான் கவனிக்கவே இல்ல, அப்ப தூங்கிட்டேன் போல. ஞாயித்துக்கெழம அம்மாவோட திரும்ப போடுறேன், அந்த விடுதி சீன மட்டும் எப்டி ஓட்டறதுன்னு தெரியல.