இலவசக் கல்வி என்றால் எதுவரை இலவசம்?

தஞ்சாவூர்_அப்பா: மகளுக்கு ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. ஃபீஸ் இல்லை, சரி. ஆனால் புத்தகம், ஷூ, வேன் என்று முதல் மாதமே 14,000 ரூபாய் போய்விட்டது. மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?

வடமராட்சியான்: இலங்கையில் 1945 முதல் இலவசம், அண்ணை. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்தது. பாடநூல் 1980இலிருந்தும், சீருடைத் துணி 1993இலிருந்தும் அரசே தந்தது. ஆனால் வசதிக் கட்டணம் என்று ஒன்று உண்டு. அப்புறம் ரியூசன்! எங்கள் வீட்டுக் காசு அங்கேதான் கரைகிறது.

நைரோபி_கணக்கர்: கென்யாவில் 2003 ஜனவரியில் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தார்கள். புதிதாகப் பத்து லட்சம் பிள்ளைகளுக்கு மேல் வந்து சேர்ந்தார்கள், உட்கார இடமில்லை. மறு வருடம் கிமானி மாருகே என்ற 84 வயதுத் தாத்தாவும் அரைக்கால் சட்டையோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். ஆனாலும் போன ஜனவரியில் எங்கள் ஆபீஸ் டிரைவர் மகனுக்குச் சீருடை வாங்க என்னிடம்தான் முன்பணம் கேட்டார்.

டீச்சரக்கா: தம்பி, எங்கள் அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, காலணி எல்லாம் சும்மாதான். காலையில் பொங்கலோ கிச்சடியோ உண்டு.

தஞ்சாவூர்_அப்பா: இங்கிலீஷ் மீடியம் ஆசைதான் அக்கா...

டீச்சரக்கா: அதுவும் எங்களிடம் இருக்கிறதே!